சம்பளப் பட்டியல் முதல் படிவம் 16 வரை: ஊதியமும் பிடித்தங்களும் செல்லும் வழி

மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் பெரும்பாலோர் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் ஏழெட்டுக் கணக்குகள் நடந்திருக்கும். அதற்குப் பின்னாலும் மூன்று அல்லது நான்கு இடங்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டியிருக்கும். பத்து இருபது பேரை வைத்து நிறுவனம் நடத்துபவரும், புதிதாகச் சம்பளப் பிரிவுக்கு வந்திருக்கும் கணக்காளரும், தன் சம்பளச் சீட்டை வரிவரியாகப் புரிந்துகொள்ள விரும்பும் ஊழியரும் இந்த வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதில் வரும் வருமான வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அந்தத் தேதிக்குப் பிந்தைய சம்பளத்துக்குப் பிரிவு எண்களையும் படிவப் பெயர்களையும் புதிய சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர் சட்டங்களைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு சட்டத் தொகுப்புகளில் ஊதியத் தொகுப்பையே (2019) பின்பற்றியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம், பிடித்த நொடியிலிருந்தே நிறுவனத்தின் பணம் அல்ல. வருங்கால வைப்பு நிதிக்கோ, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கோ என்று பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வதை, ஒப்படைத்த பொருளைக் கையாடல் செய்த நம்பிக்கை மோசடியாகவே குற்றவியல் சட்டம் கருதுகிறது. கீழே வரும் தேதிகளும் வரிசையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: ஊழியரின் விவரங்களைச் சரியாகப் பதிவது

சம்பளக் கணக்கில் வரும் பிழைகளில் கணிசமானவை, ஊழியர் வேலையில் சேர்ந்த நாளில் வாங்காமல் விட்ட ஏதோ ஒரு விவரத்தில்தான் தொடங்குகின்றன. நிரந்தரக் கணக்கு எண்ணான பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், ஏற்கெனவே வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்தால் யு.ஏ.என். எனப்படும் பொதுக் கணக்கு எண், இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் ஆகியவற்றை முதல் சம்பளத்துக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். பழைய யு.ஏ.என். இருப்பது தெரியாமல் புதிதாக ஒன்றை உருவாக்கினால், ஒரே மனிதரின் சேமிப்பு இரண்டாகப் பிரிந்து, பல ஆண்டுகள் கழித்து அவர் பணம் எடுக்கப் போகும்போது அலைச்சல் முழுவதும் அவர் தலையில் விழும். பான் எண் தராதவரிடம், வரி கட்ட வேண்டிய அளவுக்கு அவருக்கு வருமானம் இருக்குமானால், அவருக்கு உரிய சராசரி விகிதம் அல்லது 20 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைப் பிடிக்க வேண்டும் என்று பிரிவு 206ஏஏ சொல்கிறது.

ஆண்டின் நடுவில் சேருபவரிடம் முந்தைய நிறுவனம் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் படிவம் 12பி வழியாகக் கேட்டு வாங்குங்கள். இதைத் தருவது ஊழியரின் விருப்பம் என்றாலும், கேட்பதை நிறுவனம் தன் வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. தராவிட்டால் என்ன ஆகும் என்பதை வருமான வரிப் பகுதியில் கணக்கோடு காட்டுகிறேன். பழைய வரி முறையா (கழிவுகள் அதிகம்) புதிய வரி முறையா (விகிதங்கள் குறைவு, கழிவுகள் சில மட்டுமே) என்பதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற வேண்டும். ஊழியர் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே வரி பிடிக்கப்படும்.

இரண்டாம் படி: சம்பளத்தின் கட்டமைப்பு

அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சிறப்புப்படி என்று சம்பளம் பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பிடித்தமும் இவற்றில் எந்தத் துண்டின் மீது கணக்கிடப்படுகிறது என்பதுதான் இந்த வேலையின் மையம். வருமான வரி ஏறக்குறைய முழுச் சம்பளத்தையும் பார்க்கிறது; வைப்பு நிதியோ அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் முதன்மையாகப் பார்க்கிறது.

இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, அடிப்படை ஊதியத்தை மிகக் குறைவாக வைத்து மீதியைப் படிகளாகக் காட்டும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. எல்லா ஊழியருக்கும் ஒரே சீராகத் தரப்படும் படிகள் வைப்பு நிதிக் கணக்கில் அடிப்படை ஊதியமாகவே கொள்ளப்படும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது ஊதியத் தொகுப்பு இன்னும் தெளிவான அளவுகோலைத் தருகிறது. அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, தக்கவைப்புப்படி (வேலை இல்லாத பருவத்தில் ஊழியரைத் தக்கவைத்துக்கொள்ளத் தரும் தொகை) ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேரப் படி போன்றவை ஊதியத்தில் சேராதவை. ஆனால் இந்தச் சேராதவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

ஒருவருக்கு மொத்தம் 20,000 ரூபாய், அதில் அடிப்படை 6,000, படிகள் 14,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 10,000. படிகள் அதைவிட 4,000 அதிகம். ஆகவே அவருடைய ஊதியம் 6,000 அல்ல, 10,000. இந்த அடிப்படையில் 12 சதவீத வைப்பு நிதிப் பிடித்தம் 720 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயரும். கையில் வரும் தொகை குறைகிறதே என்று ஊழியர் வருந்தக்கூடும். அவருடைய பங்கு கூடும் அளவுக்கு நிறுவனத்தின் பங்கும் கூடுகிறது என்பதை அவரிடம் விளக்கிச் சொல்வது சம்பளப் பிரிவின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் படி: வருகைப் பதிவிலிருந்து மொத்தச் சம்பளம்

மாத இறுதியில் வருகைப் பதிவேட்டை மூடி, விடுப்பு இருப்பைச் சரிபார்த்து, ஊதியமில்லா விடுப்பு நாட்களையும் மிகைநேரப் பணி மணிகளையும் உறுதிசெய்ய வேண்டும். வேலைக்கு வராத நாட்களுக்கான கழிவு, வராத காலத்தின் விகிதத்தை மீறக் கூடாது. மாதத்தை 30 நாளாக வகுப்பதா, அந்த மாதத்தின் உண்மையான நாட்களால் வகுப்பதா, 26 வேலை நாட்களால் வகுப்பதா என்பதை நிறுவனம் முன்கூட்டியே எழுதி வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் அது சச்சரவில்தான் முடியும். மிகைநேரப் பணிக்கு வழக்கமான ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும்.

இங்கிருந்து ஒரு தொழிலாளியின் கணக்கைத் தொடர்ந்து பார்ப்போம். அவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய். வேறு படி எதுவும் இல்லை. 30 நாள் கொண்ட மாதத்தில் இரண்டு நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். ஒரு நாளுக்கு 500 ரூபாய் வீதம் 1,000 கழிய, அந்த மாதத்துக்கு அவர் ஈட்டிய மொத்தச் சம்பளம் 14,000 ரூபாய். இனி வரும் விகிதங்கள் எல்லாம் இந்த 14,000 மீதுதான், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் 15,000 மீது அல்ல.

நான்காம் படி: வருங்கால வைப்பு நிதி

இருபது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வைப்பு நிதி கட்டாயம். ஊழியரின் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கும் 12 சதவீதம். ஊழியரின் பங்கு முழுவதும் அவருடைய வைப்பு நிதிக் கணக்குக்குப் போகிறது. நிறுவனத்தின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துபோக, மீதி 3.67 சதவீதம் வைப்பு நிதியில் சேர்கிறது. இவை தவிர, வைப்புடன் இணைந்த காப்பீட்டுத் திட்டத்துக்கு 0.5 சதவீதமும் நிர்வாகக் கட்டணமாக 0.5 சதவீதமும் நிறுவனமே செலுத்த வேண்டும். நிர்வாகக் கட்டணம் நிறுவனம் ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

நம் தொழிலாளிக்கு 14,000இல் 12 சதவீதம் 1,680 ரூபாய். நிறுவனத்தின் 1,680இல் ஓய்வூதியத்துக்கு 1,166, வைப்பு நிதிக்கு 514. காப்பீட்டுக்கு 70, நிர்வாகக் கட்டணம் 70. ஓய்வூதியப் பங்கை முதலில் கணக்கிட்டு முழு ரூபாயாக்கி, அதை மொத்தப் பங்கிலிருந்து கழித்து மீதியை வைப்பு நிதிக்கு எழுதுங்கள். இரண்டையும் தனித்தனியே முழுமையாக்கினால் சில பேருடைய கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கும்.

ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் மாதம் 15,000 ரூபாயாக இருக்கிறது. இதற்கு மேல் ஊதியம் பெறுபவருக்கு 15,000 மீது மட்டும், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பதும், முழு ஊதியத்தின் மீது பிடிப்பதும் இரண்டுமே வழக்கில் உள்ளன. எதைப் பின்பற்றுவது என்பது ஒப்புதலைப் பொறுத்தது. எப்படியிருந்தாலும் ஓய்வூதியப் பங்கு பொதுவாக 15,000 ரூபாய் வரம்பிலேயே நின்றுவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முறையாக உறுப்பினராகச் சேர்ந்து, சேரும்போதே 15,000க்கு மேல் ஊதியம் பெற்றவர் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருவதில்லை. அவருக்கு நிறுவனத்தின் 12 சதவீதமும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். மென்பொருளில் இந்த ஒரு தேர்வைத் தவறாக வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓய்வூதியத்துக்குப் பணம் அனுப்புவதும், பிறகு அதைத் திருத்த முடியாமல் திண்டாடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

ஐந்தாம் படி: இ.எஸ்.ஐ.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடங்களில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். நம் தொழிலாளிக்கு 105 ரூபாய், நிறுவனத்துக்கு 455 ரூபாய்.

இதில் பலர் தவறும் இடம் சம்பள உயர்வு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஏப்ரலில் 20,500 ஊதியம் பெற்றவருக்கு ஜூலையில் 22,000 ஆனால், அந்த மாதமே அவரை நீக்கிவிடக் கூடாது. செப்டம்பர் முடியும் வரை, உயர்ந்த 22,000 மீதே 165 ரூபாய் பிடித்து, நிறுவனத்தின் பங்கையும் கட்டிவர வேண்டும். நடுவில் நிறுத்தினால், அதைத் தொடர்ந்து வரும் பலன் காலத்தில் அவர் மருத்துவமனைக்குப் போகும்போது தகுதி நாட்கள் குறைந்துவிடும். ஒரு சிறிய கணக்குப் பிழை ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவாக மாறுவதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கே நம் தொழிலாளியின் கணக்கு முடிகிறது. வருமான வரி அவரைத் தொடாது. 14,000இலிருந்து 1,680உம் 105உம் கழிந்து, அடுத்த படியில் வரும் தொழில் வரிக்கு முன், 12,215 ரூபாய் அவர் கைக்குப் போகிறது. நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு 14,000, 1,680, 70, 70, 455 சேர்ந்து 16,275 ரூபாய். நிறுவனத்தின் பங்கான இந்தத் தொகைகளில் எதையும் அவருடைய ஈட்டிய ஊதியத்திலிருந்து கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்டு முழுவதற்குமான செலவுத் தொகையை வேலை நியமனக் கடிதத்தில் பெரிதாகக் காட்டும் நிறுவனங்கள், அதில் எவ்வளவு கையில் வரும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் முதல் மாதத்தின் ஏமாற்றங்கள் பாதி குறையும்.

ஆறாம் படி: தொழில் வரி

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. அரசியலமைப்பின் 276ஆம் உறுப்பின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்க முடியாது. வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளும் வசதி பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு மட்டுமே.

ஏழாம் படி: வருமான வரிப் பிடித்தம்

சம்பளத்தின் மீதான வரிப் பிடித்தத்துக்குத் தனியான நிலையான விகிதம் எதுவும் கிடையாது. ஊழியருக்கு அந்த நிதியாண்டு முழுவதும் எவ்வளவு சம்பளம் வரும் என்று மதிப்பிட்டு, அதற்கான ஆண்டு வரியைக் கணக்கிட்டு, அதன் சராசரியை ஒவ்வொரு மாதமும் சம்பளம் வழங்கும் வேளையில் பிடிக்க வேண்டும் என்பதுதான் பிரிவு 192 சொல்லும் முறை. ஆகவே ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதங்களின் உண்மைத் தொகையும் வரும் மாதங்களின் மதிப்பீடும் சேர்ந்து, ஆண்டுக் கணக்கு மீண்டும் ஒரு முறை போடப்படுகிறது. மென்பொருள் இதைத் தானாகச் செய்துவிடும் என்றாலும், ஒரு முறையாவது தாளில் போட்டுப் பார்த்தவருக்குத்தான் இது கைவரும்.

புதிய முறையில் 2025-26க்கான படிநிலைகள் இவை: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். சம்பளத்திலிருந்து 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பிரிவு 87ஏ தள்ளுபடி 60,000 ரூபாய் வரை கிடைப்பதால் வரி முழுவதும் நீங்கிவிடும். சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு இது ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை வரி இல்லை என்று பொருள்படும். வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு விளிம்பு நிவாரணம் உண்டு: வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் படிநிலைப்படி 61,500 வரி வரும், ஆனால் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி வாங்கப்படாது. எல்லாவற்றுக்கும் பிறகு 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி.

மாதம் 1,25,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,00,000; நிலையான கழிவு போக 14,25,000. இரண்டாம் படிநிலையில் 20,000, மூன்றாவதில் 40,000, நான்காவதில் 2,25,000க்கு 15 சதவீதமாக 33,750, ஆக 93,750. மேல்வரி 3,750 சேர்ந்து 97,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125 ரூபாய். வைப்பு நிதி வரம்பளவில் 1,800 பிடித்தால், தொழில் வரிக்கு முன் அவர் கைக்கு 1,15,075 ரூபாய் வரும்.

அக்டோபரில் இவருக்கு ஊக்கத்தொகையாக ஒரு லட்சம் ரூபாய் அறிவிக்கப்படுகிறது. வரிக்குரிய வருமானம் 15,25,000 ஆகி, வரி 1,08,750, மேல்வரி 4,350, மொத்தம் 1,13,100 ஆகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 48,750 பிடித்தாயிற்று. மீதி 64,350 ரூபாயை எஞ்சிய ஆறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 10,725. கூடுதலாகப் பிடித்ததையோ குறைவாகப் பிடித்ததையோ அதே நிதியாண்டுக்குள் சரிசெய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. சில நிறுவனங்கள் ஊக்கத்தொகைக்கான கூடுதல் வரி முழுவதையும் அதே மாதத்தில் பிடித்துவிடுகின்றன; ஊழியர் நடுவில் விலகிப் போனால் வரி நிலுவை நிற்காது என்பதால், பெரிய தொகைகளுக்கு அந்த வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

படிவம் 12பி பற்றி முன்பே சொன்னேன். மேலே கண்ட அதே ஊழியர், ஊக்கத்தொகை இல்லாமல், செப்டம்பர் இறுதியில் வேறு நிறுவனத்துக்கு அதே சம்பளத்தில் மாறுகிறார். பழைய சம்பளத்தைச் சொல்லவில்லை. புதிய நிறுவனத்தின் கண்ணுக்கு அவருடைய ஆண்டுச் சம்பளம் ஆறு மாதத்துக்கு உரிய 7,50,000 மட்டும்தான். நிலையான கழிவும் தள்ளுபடியும் போக வரி பூஜ்யம். ஆறு மாதம் கூடுதல் பணம் கைக்கு வருகிறது என்று அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் முழு ஆண்டுக்கான வரி 97,500. பழைய நிறுவனம் பிடித்தது 48,750. மீதி 48,750 ரூபாயை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒரே மூச்சில், முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டியோடு அவரே கட்ட வேண்டும்.

பழைய வரி முறையைத் தேர்ந்தவரிடம் வேலை சற்றுக் கூடுதல். வீட்டு வாடகை, காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றுக்கான அறிவிப்பை ஏப்ரலில் பெற்று, ஆதாரங்களை ஜனவரி வாக்கில் படிவம் 12பிபியோடு வாங்கிச் சரிபார்க்க வேண்டும். ஆதாரம் தராதவரின் கழிவை நீக்கினால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெருந்தொகை பிடிபடும். அதனால் டிசம்பரிலேயே நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள்.

எட்டாம் படி: மற்ற பிடித்தங்களும் அவற்றின் எல்லையும்

முன்பணம், கடன் தவணை, நீதிமன்ற ஆணைப்படியான பிடித்தம், கூட்டுறவுச் சங்கத் தவணை, நிறுவனப் பொருளுக்கு ஏற்பட்ட இழப்பு ஆகியவை அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களில் அடங்கும். சட்டம் தரும் பட்டியலில் இல்லாத எதையும் பிடிக்க முடியாது. இழப்புக்கான பிடித்தம் உண்மையான இழப்பை மீறக் கூடாது. பிடிக்கும் முன் ஊழியர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அபராதம் அந்த ஊதியக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தை மீறக் கூடாது, தவணையாக வாங்கக் கூடாது, விதித்த நாளிலிருந்து 90 நாளுக்குப் பிறகு வசூலிக்கவும் கூடாது.

எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் சட்டப்படியான பிடித்தங்களை முதலில் கழித்து, கடன் தவணை போன்றவற்றை மீதி இடத்துக்குள் அடக்க வேண்டும். அடங்காததை அடுத்த மாதங்களுக்குத் தள்ளலாம். அதிக நாள் விடுப்பு எடுத்த மாதத்தில் வழக்கமான முன்பணத் தவணை இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்பதாம் படி: சரிபார்த்து, வழங்கி, சீட்டுத் தருவது

பட்டியலை வங்கிக்கு அனுப்பும் முன் சென்ற மாதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிகரச் சம்பளம் மாறிய ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லத் தெரிய வேண்டும்: புதியவர், விலகியவர், உயர்வு, விடுப்பு, ஊக்கத்தொகை. காரணம் தெரியாத வேறுபாடு ஒன்று இருந்தாலும் பட்டியலை நிறுத்துங்கள். தயாரிப்பவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது சிறிய நிறுவனத்திலும் இயலும் காரியம்தான்.

மாத ஊதியத்தை அடுத்த மாதம் ஏழாம் நாள் முடிவதற்குள் வழங்க வேண்டும். வார ஊதியம் என்றால் வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளிலும், தினக்கூலி என்றால் அந்தப் பணிமுறை முடியும்போதும் தர வேண்டும். வங்கி விடுமுறை என்று காரணம் சொல்வதற்கு இப்போது இடமில்லை: வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து நாள் முழுவதும் இயங்குகிறது, மொத்தமாகச் சம்பளம் செலுத்தப் பயன்படும் நாச் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இயங்குகிறது. ஊதியத்தோடு சம்பளச் சீட்டும் தர வேண்டும். ஈட்டியது, பிடித்தது, நிகரம் மூன்றும் தனித்தனியாகவும், நிறுவனம் செலுத்திய வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்குகள் கீழே குறிப்பாகவும் இருந்தால் ஊழியர் யாரிடமும் கேட்காமலே தன் கணக்கைப் படித்துவிடுவார்.

கணக்கேட்டில் மொத்தச் சம்பளம் முழுவதும் செலவாகவும், நிகரச் சம்பளமும் ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனியே கொடுக்க வேண்டியவையாகவும் பதிவாக வேண்டும். நிகரத்தை மட்டும் செலவாக எழுதும் பழக்கம் சில சிறு நிறுவனங்களில் இன்னும் உண்டு. அங்கே பிடித்த பணம் கட்டப்பட்டதா இல்லையா என்பதைக் கணக்கேடு ஒருபோதும் சொல்லாது.

பத்தாம் படி: பிடித்ததை உரிய இடத்தில் கட்டுவது

ஒரு மாதத்தில் பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சலான் 281 வழியாகக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் பிடித்ததற்கு ஏப்ரல் 30 வரை கால அவகாசம் உண்டு. வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் 15ஆம் தேதி. வைப்பு நிதியில் ஊழியர்வாரியான மின்னணு விவரப் பட்டியலை முதலில் பதிவேற்றினால்தான் சலான் உருவாகும் என்பதால், 15ஆம் தேதி மாலை வரை காத்திருப்பது ஆபத்து.

தாமதத்தின் விலையைச் சொல்லிவிடுகிறேன். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும்; பிடிக்கவே தவறியிருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம். பிடித்து வைத்துக்கொண்டு கட்டாதவருக்குப் பிரிவு 276பி மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையையும் வைத்திருக்கிறது. வைப்பு நிதித் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதோடு தனியாக இழப்பீட்டுத் தண்டம். இவற்றுக்கு மேல், ஊழியரிடம் பிடித்த வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கைக் கெடு தேதிக்குப் பின் கட்டினால், ஒரு நாள் தாமதமானாலும், அந்தத் தொகையை நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பின்னால் கட்டினாலும் அந்தக் கழிவு திரும்பி வராது. சம்பளம் போட்ட அன்றே பிடித்தத் தொகைகளைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடும் பழக்கம் இந்தத் தொல்லைகள் அனைத்துக்கும் போதுமான மருந்து.

பதினோராம் படி: காலாண்டு அறிக்கையும் படிவம் 16உம்

வரியைக் கட்டினால் மட்டும் அது ஊழியரின் பெயரில் ஏறிவிடாது. யாருக்காக எவ்வளவு கட்டப்பட்டது என்பதைப் படிவம் 24கியூ என்ற காலாண்டு அறிக்கையில் பான் எண்ணோடு சொல்ல வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்கு முறையே ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31 ஆகியவை கெடு தேதிகள். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்; அந்தக் கட்டணம் வரித்தொகையைத் தாண்டாது. கடைசிக் காலாண்டு அறிக்கையில் ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளம், கழிவுகள், தேர்ந்த வரி முறை ஆகியவை முழுமையாக இடம்பெற வேண்டும். அதிலிருந்துதான், ஊழியரின் ஆண்டுச் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் சான்றிதழான படிவம் 16 உருவாகிறது. ஜூன் 15க்குள் அதை ஊழியரிடம் சேர்க்க வேண்டும்.

அறிக்கை அனுப்பும் முன் மூன்று தொகைகளை ஒப்பிடுங்கள்: சம்பளப் பட்டியலில் பிடித்தது, சலானில் கட்டியது, அறிக்கையில் காட்டியது. ஊழியர்களும் தங்கள் பக்கத்தில், தங்கள் பெயரில் ஏறிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், வைப்பு நிதிப் பாஸ்புக் ஆகிய இரண்டையும் காலாண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. சம்பளச் சீட்டில் பிடித்ததாக இருந்து இவற்றில் இல்லையென்றால், அடுத்த வாரமே எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் மூடிய பின் கேட்பதைவிட அது எவ்வளவோ எளிது.

பன்னிரண்டாம் படி: விலகுபவரின் கணக்கை முடிப்பது

ஊழியர் தானாக விலகினாலும் நிறுவனம் நீக்கினாலும், அவருக்கு உரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. முப்பது, நாற்பத்தைந்து நாள் எடுத்துக்கொண்ட பழைய வழக்கம் இனிச் செல்லாது. ஆகையால் விலகல் கடிதம் வந்த நாளிலேயே விடுப்பு இருப்பு, முன்பண நிலுவை, திரும்ப ஒப்படைக்க வேண்டிய பொருட்கள் ஆகியவற்றின் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். கடைசிச் சம்பளத்தில் அவருடைய ஆண்டு வரியை இறுதியாக ஒரு முறை கணக்கிட்டு, குறைவு இருந்தால் பிடித்து, அதுவரையிலான சம்பள, வரி விவரத்தை எழுத்தில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த நிறுவனத்தில் அவர் படிவம் 12பியை நிரப்ப அந்தத் தாள்தான் வேண்டும். வைப்பு நிதித் தளத்தில் அவர் விலகிய தேதியைப் பதிந்த பிறகே அவருடைய கோப்பை மூடுங்கள். அந்தத் தேதி இல்லாமல் கிடந்தால் அவருடைய பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் தடைபடும்.